டீ பிரேக் விட்டால் முடிந்துவிடுமா?

பயிற்சியாளர் பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் நடத்திய வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். வியாசர்பாடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். முதலுதவி, உடற்பயிற்சி முறை, வயதுக்கேற்ற பயிற்சி எல்லாம் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதில் குறையே இல்லை. எழுத வந்தது வேறு விஷயம்.

'எல்லோரையும் அரவணைத்தல்' என்று ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டினீர்களே, அதற்கு மறுநாள் நடந்தது இது. குத்துச்சண்டை மாஸ்டர் ஒரு பையனைப் பார்த்து, "இன்னாடா பொம்பள மாதிரி கைய வீசற?" என்றார். காசிமேட்டு அக்கா ஒருவர் எழுந்தார். "நானும் பொம்பளதான் மாஸ்டர். எங்கிட்ட பழகற பொண்ணுங்க எதிர்ல இத சொல்லுவீங்களா?" குரல்கூட உயரவில்லை. மாஸ்டர் சிரித்தார். பின்வரிசையிலிருந்து, "போர்டு பசங்கள மேய்க்கணும்னா இப்டித்தான் பேசணும்" என்று ஒரு சத்தம். அதே போர்டில், அதாவது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன் விருட்டென்று திரும்பினான். (குடிசை மாற்று வாரியத்தின் பெயரை அரசாங்கம் 2021-லேயே மாற்றிவிட்டது. 'போர்டு பசங்க' மட்டும் அப்படியே நிற்கிறது.) உடனே உங்களில் ஒருவர் கைதட்டினார். "விளையாட்டுல அரசியல் வேணாம்பா. டீ பிரேக்."

டீ குடித்துவிட்டு வந்தால் வகுப்பில் வார்ம் அப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாள் அந்த அக்காவின் மதிப்பீட்டுத் தாளில், 'அனுசரித்துப் போகும் குணம் குறைவு' என்று எழுதியிருந்தது. அவரே காட்டினார்.

சத்தம் அடங்கினால் ஒற்றுமை வந்துவிட்டதாக நம்ப வடசென்னைக்காரனால் முடியாது. இங்கே பின்னி நெசவாலைத் தொழிலாளர்களை வைத்து 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த நாட்டுக்கே முன்னோடி. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதலாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. நிர்வாகம்தான் ஊதிவிட்டது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஊதினால் பிடித்துக்கொள்ளும் கங்கு சங்கத்துக்குள்ளேயே கிடந்ததே! சாதியைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசித் தீர்க்க அங்கே ஓர் இடம் இல்லாமல் போனது.

நாங்கள் திரும்பிப் போவது மைதானத்துக்கு. பத்து வயசுப் பையன் இன்னொருவனைச் சாதி சொல்லித் திட்டினால், அந்த ஏரியா, இந்த ஏரியா என்று இரண்டு கும்பல் முறைத்துக்கொண்டு நின்றால், விசில் ஊதி டீ பிரேக் விடவா? அந்த நேரத்தில் என்ன பேசுவது, யாரை முதலில் பேசவிடுவது என்பதைத்தான் நீங்கள் சொல்லித்தந்திருக்க வேண்டும். பாடம் தானாகவே வகுப்புக்குள் வந்தது, வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

மாஸ்டரை நீக்கச் சொல்லவில்லை. கால் வைக்கும் பக்குவத்தை அவரைப் போல் சொல்லித்தர இங்கே ஆள் குறைவு. அவர் பதில் சொல்லட்டும் என்கிறேன். அக்கா முழுசாகப் பேசி முடிக்கட்டும், அவர் பதில் சொல்லட்டும், இதில் சம்பந்தப்படாத ஒருவர் நடுவில் உட்காரட்டும். அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னும் சில. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தவர் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டை எட்டிப் பார்த்ததே இல்லை போலும். மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண் அந்த நேரத்தில் எப்படி வருவாள்? தலையில் துணி கட்டிக்கொண்டு பந்தாட முடியாது என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். சர்வதேசக் கால்பந்து விதியே 2014-ல் அதை அனுமதித்துவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டம் ஸ்டேடியத்தையும் பயிற்சிக்கூடத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் இடத்தில் புகார்க் குழு எங்கே, அதில் யார் யார் என்று எந்தச் சுவரிலும் காணவில்லை.

அக்காவின் தாளில் உள்ள அந்த வரியை நீக்குங்கள். எதிர்த்துக் கேட்டதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று விதிமுறையில் தமிழில் எழுதுங்கள். அடுத்த பேட்ச் தொடங்குவதற்குள் பதில் எதிர்பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பெண்கள் அதில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று என்னைக் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
போன பேட்ச் மாணவன், வியாசர்பாடி