நீ கேட்ட மூளை ஆபரேஷன்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்பச் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, டிவி சீரியலில் காட்டும் மூளை ஆபரேஷன் நிஜத்திலும் அப்படித்தானா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க ஆஸ்பத்திரி சீரியலில் டாக்டர் ஹெர்மனின் மூளைக் கட்டியை மூளை சர்ஜன் அமீலியா எடுக்கிறாளே, 2015இல் வந்த எபிசோடு, அதன் முடிவு எனக்குப் பிடிக்கும். ஹெர்மன் உயிர் பிழைக்கிறாள், பார்வை போய்விடுகிறது. மூளை ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நிற்கிற எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்தைச் சுற்றிப் பெரிய ரத்தக் குழாய்களும் பிட்யூட்டரி சுரப்பியும் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே கை வைத்தால் எதையாவது இழக்க நேரிடும்.

சீரியலில் காட்டாதது எங்கள் வேலையை. தலையை மூன்று முள் கவ்வி அசையாமல் பிடித்திருக்கும். டாக்டர் மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். உள்ளே வைக்கும் பஞ்சுப் பட்டைகள் நகமளவுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வால். ரத்தத்தில் ஊறிவிட்டால் எது பஞ்சு, எது மூளை என்றே தெரியாது. எண்ணிக்கை சரியாகும்வரை மண்டையை மூட விட மாட்டோம். இதை எந்த டைரக்டர் எடுப்பான்?

ஆபரேஷனுக்கு முன் அமீலியா இடுப்பில் கைவைத்து வீராங்கனை மாதிரி நிற்பாளே, அப்படி நின்றால் தைரியம் வரும் என்ற 2010 ஆராய்ச்சியை எழுதியவர்களில் முதல் பெயருக்குரியவரே 2016இல் அதை நம்பவில்லை என்று சொல்லிவிட்டார். நின்றால் தப்பில்லை, போகட்டும்.

எனக்குக் கோபம் வருவது, வெளியே வந்து 'முழுசா எடுத்தாச்சு' என்று சிரிக்கும் காட்சிகளில். கிளையோமா வகைக் கட்டி நல்ல மூளைக்குள் வேர்விட்டிருக்கும், எல்லையே தெரியாது. அதற்காகத்தான் 5-ஏஎல்ஏ என்ற மருந்தைக் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் இளஞ்சிவப்பாக மின்னுவதைப் பார்த்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததே 2017இல். அப்படியும் ஓரத்தில் செல்கள் தங்கும். ஓரிரு நாளில் எம்ஆர்ஐ, பயாப்சி வர அதற்கும் மேலாகும். அதுவரை வராண்டாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள், டாக்டர் அந்தப்பக்கம் போனதும் எங்களைத்தான் மடக்குவார்கள்: "சிஸ்டர், எல்லாம் எடுத்தாச்சுதானே? டிவியில உடனே சொல்லிடுறாங்களே!"

14ஆம் சீசனுக்கு வந்துவிட்டாயா? அமீலியாவுக்கே மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றிய உறையில் உண்டாகும் கட்டி, வரும். பத்து வருடமாகச் சத்தமில்லாமல் முன்மூளையில் வளர்ந்த கட்டி என்பது நடக்கக்கூடியதே. மெல்ல வளரும் ரகம் அது. குணம் மாறினால் வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லிக்கொள்வார்கள். கண் விழித்ததும் அவள் பிரெஞ்சு பேசுவாள். அதைப் பார்த்து எங்கள் மயக்க டாக்டர் அடித்த கமெண்டை நேரில் சொல்கிறேன். கல்யாணத் தேதியை உடனே எழுது, இப்போதே லீவு சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
சாந்தி