தண்ணீர் வராத குழாயும் ஒரு விடுதலைத் தீர்ப்பும்

மேல்முறையீட்டுக்கு உத்தரவிடும் பொறுப்பிலுள்ள அரசுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டு மலையில், காப்பித் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடொன்றில் உயிரிழந்த என் அக்கா மகளின் கொலை வழக்கில், அவளுடைய கணவருக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்த தீர்ப்பு தங்கள் பார்வைக்கு வந்திருக்கும். அரசு மேல்முறையீடு செய்வதற்கு உள்ள 90 நாட்களில் 61 கழிந்துவிட்டன. ஆகவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: இத்தீர்ப்பை எதிர்த்து அரசு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

வழக்கின் பின்னணியைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். தை மாதக் குளிரில், இரவு 11 மணிக்குக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் படியில் வழுக்கி விழுந்து இறந்தாள் என்பது கணவர் தரப்பின் விளக்கம். அந்த லைனில் காலை இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்பது அங்குள்ள குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். காவல் துறை சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் படிக்கட்டு இருக்கிறது, குழாய் இல்லை.

குழாயைப் பற்றிச் சொல்லத்தான் என் அக்கா 41 வாய்தாக்களுக்கு, அன்றன்றைய கூலியை இழந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குமட்டலை அடக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி வந்தார். பெயரைக் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில், நீதிமன்ற வராந்தாவை விட்டு ஒரு தேநீர் குடிக்கக்கூட நகரமாட்டார். பெரும்பாலான நாட்களில் மாலையில் அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறினார். கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று, இறந்தவர் உங்கள் மகள்தானா, கணவருடன் தகராறு இருந்ததா என்று கேட்டார்கள். அவர் குழாயைப் பற்றிப் பேச்செடுத்ததும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி நிறுத்தப்பட்டார்.

அக்கம்பக்கத்து வீட்டார் மூவரும் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்துப் பிறழ் சாட்சிகளானார்கள்; அதே லைனில் அந்த மனிதரின் உறவினர்களுக்கு நடுவே நாளையும் குடியிருக்க வேண்டியவர்கள் அவர்கள் என்பதால் நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால், இறப்பதற்கு முன் இரண்டு முறை அவள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பெற்ற சி.எஸ்.ஆர். ரசீதுகள் எனும் ஒப்புகைச் சீட்டுகள் ஏன் சான்றாவணமாகக் குறியிடப்படவில்லை? கழுத்து நெரிக்கப்பட்டதாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லும்போது, வீட்டுக்குள் அவளுடன் இருந்த ஒரே ஆளிடம் 2024 வரை நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி ஏன் விளக்கம் வலியுறுத்தப்படவில்லை? வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய மரணங்களில் விளக்கம் தரும் கடமை உள்ளே இருந்தவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாமே என்று ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு அறிவுரை கிடைத்தது. உண்மைதான், 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. காப்பிப்பழம் பறிக்கும் கூலியில் சென்னையில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வழியை மட்டும் திருத்தத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலும். துணிந்து புகார் கொடுங்கள், 181ஐ அழையுங்கள் என்று பெண்களிடம் சொல்லாத சுவர் இல்லை. இவள் துணிந்து இரண்டு முறை புகார் கொடுத்தாள். குடும்பத் தகராறுதானே என்று இரண்டு முறையும் சமாதானம் பேசி, அடித்தவருடனேயே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து, விசாரணையில் தவறியவர்களின் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதே, அந்த ஆய்வு இவள் வழக்கில் நடந்ததா?

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது ஒன்றே: எஞ்சியுள்ள 29 நாட்களுக்குள் அரசு மேல்முறையீடு செய்ய வேண்டும். கூடுதல் சாட்சியம் பெற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், அந்தக் குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் வரும் என்பதையும் விசாரிக்கக் கோரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதைச் சொல்வதற்கு அக்கா சென்னைக்கும் வருவார்.

தங்கள் உண்மையுள்ள,
இறந்தவளின் சித்தி,
கோரிமேடு, சேலம்