பழைய கிந்தா உத்தாரா தொகுதியின் ஆவணங்களைச் சுங்கை சிப்புட்டில் வைக்கக் கோரும் மனு

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோலகங்சார், பேராக்.

மனுதாரர்கள்:
சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இன்று நகரிலும் சுற்றுத் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) குடியிருப்போர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, எங்கள் ஊர் கூட்டரசு சட்டமன்றத்தின் கிந்தா உத்தாரா தொகுதியைச் சேர்ந்திருந்தது. நான்கே ஆண்டுகள் நிலைத்த அத்தொகுதியின் பெயர் இன்று முதியோர் சிலரின் பேச்சில் மட்டுமே எஞ்சியிருப்பதால், அதன் ஆவணங்களின் படிகளைப் பெற்று ஊரிலேயே வைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அத்தேர்தலில் இருந்த 52 இடங்களில் 51 அம்னோ, மசீச, மஇகா ஆகிய மூன்று கட்சிகளின் கூட்டணிக்குக் கிடைத்தன. மீதமிருந்த ஒன்றும் நம் பேராக்கின் கிரியான்தான். இந்தியர்களின் கட்சியான மஇகாவுக்குக் கிடைத்த இரண்டு இடங்களில் பத்து பகாட் ஒன்று, கிந்தா உத்தாரா மற்றொன்று. இங்கு வென்ற வீ.தி. சம்பந்தன் அதே ஆண்டு முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பிற்காலத்தில் துன் பட்டம் பெற்ற அவர் முதன்முதலாக மக்கள் வாக்கால் மன்றம் சென்றது இத்தொகுதியிலிருந்துதான்.

வெற்றியைவிட நாங்கள் பெரிதாகக் கருதுவது அன்று யார் வாக்களித்தார்கள் என்பதை. நாடு முழுவதும் பதிவு பெற்ற ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் சுமார் 84 விழுக்காடு. இந்தியர்களோ 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கூட்டரசுக் குடியுரிமை இருந்தால்தான் வாக்குரிமை என்பதால், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால்மரம் என்னும் ரப்பர் மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தேர்தலை வேடிக்கை பார்த்தவர்களே. எங்களில் ஒரு குடும்பத்தார் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான்காக மடித்த இடத்தில் தாள் விட்டுப்போய், பின்புறம் ஒட்டுத்தாள் போட்டிருக்கிறது. அவர் கூட்டணியின் கப்பல் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார். அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த பாட்டிக்கோ கடைசிவரை குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டைதான். ஒரே வீட்டுக்குள் இருந்த இந்த வேறுபாட்டைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல எங்களிடம் வேறு சான்று இல்லை.

காலச்சூழலையும் தாங்கள் கருத வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது என்பதால், நாட்டின் வரலாற்று நூல்களில் எங்கள் ஊரின் பெயர் துப்பாக்கிச் சத்தத்தோடுதான் வருகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, அவசரகாலம் இன்னும் நீங்காத நிலையில், அதே ஊரார் வாக்குச்சாவடிக்குச் சென்றதும் அந்த வரலாற்றைச் சேர்ந்ததே. முந்தையது அளவுக்குப் பிந்தையது பேசப்படாதது எங்களுக்குக் குறையாகவே படுகிறது.

1959 தேர்தலுக்காக 52 தொகுதிகளும் இவ்விரண்டாகப் பிரிக்கப்பட்டு 104 ஆனபோது கிந்தா உத்தாரா மறைந்து, சுங்கை சிப்புட் தனித் தொகுதியானது. அதன்பின் 1974 வரை துன் சம்பந்தன், 2008 வரை ச. சாமிவேலு, 2018 வரை டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் என்ற வரிசை ஊரில் சிறுவருக்கும் தெரியும். அதை இங்கே நீட்டவில்லை.

ஆவணம் தேடுவதில் உள்ள சிக்கலே எங்களைத் தங்களிடம் கொண்டுவந்துள்ளது. தொகுதியின் பெயரில் பக்கத்து மாவட்டமான கிந்தா இருக்கிறது, ஊரோ கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே விசாரித்துச் சென்றவர்களை ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்குக் கைகாட்டி அனுப்பிவிடுகிறது. தேர்தல் ஆணையமே 1957இல்தான் அமைந்தது என்பதால், அதற்கு முந்தைய தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுவதே முறை. தனியாள் கேட்பதைவிட மாவட்ட அலுவலகம் கேட்டால் காரியம் விரைவில் நடக்கும் என நம்புகிறோம்.

எனவே, கிந்தா உத்தாராவின் எல்லை வரைபடம், வேட்பாளர் பட்டியல், வாக்குச்சாவடி விவரம், கிடைக்குமாயின் வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் படிகளைக் கேட்டுக் காப்பகத்துக்குத் தங்கள் அலுவலகம் கடிதம் எழுத வேண்டும் என்றும், வரும் படிகளை ஊர் மக்கள் எளிதில் பார்க்கும்படி நகரின் பொது இடமொன்றில் வைக்க வேண்டும் என்றும், தொகுதியின் சுருக்க வரலாற்றை மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளில் எழுதிய பலகை ஒன்றை நிறுவுமாறு நகராண்மைக் கழகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் பணிவுடன் வேண்டுகிறோம். பலகைக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்க நாங்கள் தயார்.

1955இல் 21 வயது நிரம்பி வாக்களித்தவர் எவரும் இன்று தொண்ணூறைத் தாண்டியவரே. நினைவு தெளிவாக உள்ள முதியோரிடம் வாய்மொழிப் பதிவு எடுக்கத் தங்கள் அலுவலகம் ஒரு நாளைக் குறித்துத் தருமானால், அவர்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். நடக்க இயலாதவர்களுக்கு அலுவலர் வீட்டுக்கே வருவது நல்லது.

மேற்கண்ட சான்றிதழின் நகலும், இம்மனுவின் மலாய்ப் படியும், கையொப்பத் தாள்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பத்தினர்