ஆத்தைப் பூட்ட வேணாம், ஏன் ஆபத்துன்னு எழுதிப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஸ்கூல் லீவு விட்டாலே பிள்ளைங்க ஆத்துல போயி சாவுதுங்க, அதனால சிலாங்கூர்ல ஹுலு லங்காட், உலு யாம் பக்கம் குளிக்கற எடத்தையெல்லாம் கேட் போட்டு பூட்டிடணும்னு. அவரு வயித்தெரிச்சல் புரியுது. ஆனா பூட்டுனா என்னா ஆகும்னு நமக்குத் தெரியாதா, பசங்க வேலியை வளைச்சிட்டு உள்ள போவானுங்க, அப்ப கத்தி கூப்புடக்கூட பக்கத்துல ஒரு ஆளு இருக்கமாட்டான்.

நான் ஒண்ணும் ஆத்தோரம் கடை வச்சிருக்கறவன் இல்ல, செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்ல வேலை பாத்து ஓய்வு வாங்குனவன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மக பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவுல ஃபுளோரிடா போயி, கெய்ன்ஸ்வில்ங்கற ஊர்ல டிசம்பர் நடுவுல இருந்து ஜூன் வரைக்கும் இருந்தோம். அந்த ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் ஊத்து. நம்ம பக்கம் ஊத்துன்னா செலாயாங்ல காலை ஊற வைக்கற சுடுதண்ணிதான் ஞாபகம் வரும், அங்க அப்படி இல்ல, வருசம் பூரா ஒரே மாதிரி 22 டிகிரி, கண்ணாடி மாதிரி தண்ணி. அந்த மாநிலத்துல மட்டும் ஆயிரத்துக்கும் மேல ஊத்து இருக்காம். வீட்ல ஏர்கோன் 22 வச்சாலே போர்வை தேடுற ஆளு நான், என்னைக் கொண்டுபோயி ஜனவரி மாசம் அதுல எறக்குனாரு மருமகன்.

அது கிரிஸ்டல் ரிவர்ங்கற ஊரு. மானட்டின்னு ஒண்ணு, நம்ம கடல்பசுவுக்குச் சொந்தக்காரன், தண்ணி 20 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா ரொம்ப நாள் தாங்காது, அதனால குளிர் காலத்துல கடல்ல இருந்து இந்த ஊத்துகளைத் தேடி வருது. போட்ல ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வச்சு வீடியோ போட்டுக் காட்டுனாங்க, தொடாத, தொரத்தாத, காலை ஒதைக்காத, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு சும்மா மெதந்துக்கிட்டே பாரு, ஏன்னா அது இங்க வர்றது பொழைக்கறதுக்கு, நீ தொரத்துனா குளிர்ல ஓடிப்போயி செத்துடும்னு. ஏன்னு காரணம் சொல்றான் பாத்தீங்களா, அதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

தண்ணிக்குள்ள பாக்கறதுக்குக் குடுத்த ஸ்னோர்கல் மாஸ்க் எனக்கு ஒட்டவே இல்ல. எத்தனை தடவ இறுக்குனாலும் மூக்குல தண்ணி. கடைசியில பாத்தா காரணம் என் மீசை, முடி நடுவுல பூந்து தண்ணி கசியுது. ஒண்ணு மீசையை எடுங்க மாமா, இல்லன்னா வாஸ்லின் தடவுங்கங்கறாரு மருமகன். நாப்பது வருச மீசை, அதுல வாஸ்லினை அப்பிக்கிட்டு நின்ன என்னைப் பாத்து வீட்டுக்காரி போட்ல உக்காந்து சிரிச்ச சிரிப்புல மானட்டியெல்லாம் ஓடியிருக்கும். அவளுக்கு நீச்சல் தெரியாது, இன்னொரு நாள் சில்வர் ஸ்பிரிங்ஸ்ல அடித்தளத்துல கண்ணாடி பதிச்ச போட்ல கூட்டிப் போனோம், 1870கள்ல இருந்தே ஓடுற போட் சவாரியாம், அதுல சொகமா உக்காந்து எல்லாத்தையும் நனையாம பாத்துட்டா.

தண்ணி எங்கேருந்து வருதுன்னு மருமகன் சொன்னது எனக்கு நல்லா பதிஞ்சுது. நம்ம பத்துமலையை அப்படியே தரைக்கு அடியில புதைச்சு வச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி சுண்ணாம்புப் பாறைதான் அடியில பூரா. மழைத்தண்ணி எறங்கி எறங்கி பாறையைக் கரைச்சு குகையாக்கி, அதுக்குள்ளயே ஓடி அழுத்தத்துல மேல பொத்துக்கிட்டு வருது. தஞ்சாவூர்ல ஆத்து மணலைக் கையால தோண்டுனா ஊத்துத் தண்ணி வரும்னு எங்க பாட்டி சொல்லும், அதோட பெரியண்ணன்னு வச்சுக்குங்க. கிளம்பறதுக்கு முந்தின வாரம் இச்செட்டக்னின்னு ஒரு ஊத்து ஆத்துல டயர் ட்யூப்ல மெதந்து போனோம், அப்ப மாஸ்க்கோட குனிஞ்சு பாத்தேன், ஒரு எடத்துல வெள்ளை மணல் உலையில சோறு கொதிக்கற மாதிரி பொங்குது, கையை விட்டா ஜில்லுங்குது. அந்த ஆத்துல சாப்பாடு பொட்டலம், தூக்கிப் போடற பாட்டில் எதுவும் தண்ணிக்குள்ள கொண்டுபோக முடியாது. (அங்கயும் எல்லாம் சுத்தம்னு நெனைக்காதீங்க, தோட்டத்து உரம் அடித்தண்ணியில எறங்கி நெறைய ஊத்துல பாசி புடிச்சுக் கெடக்கு.)

இப்ப விசயத்துக்கு வர்றேன். அந்த ஊத்துகள்ல சிலதுல ஆழத்துல குகை வாய் இருக்கும். அங்க தண்ணிக்கு அடியிலயே ஒரு போர்டு நட்டிருக்காங்க, மருமகன் டைவிங் போறவரு, படம் காட்டுனாரு. எமன் மாதிரி முக்காடு போட்ட எலும்புக்கூடு அரிவாளோட நிக்குது. இதுக்கு மேல போகாத, இந்த மாதிரி குகையில டைவிங் சொல்லிக்குடுக்கற வாத்தியாருங்களே செத்திருக்காங்க, உசுரைக் குடுத்துப் பாக்கற அளவுக்கு உள்ள ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கு. படிச்சவன் திரும்பிடுவான்லா.

நம்ம ஊர்ல என்னா இருக்கு? பத்து வருசத்துக்கு முன்னாடி ஹுலு லங்காட் பக்கம் ஒரு ஆத்துக்குப் போனோம், பேரு வேணாம். தமிழ்நாட்டுல இருந்து மச்சான் வந்திருந்தாரு, கோழிக்கறி, ஐஸ் பெட்டி எல்லாம் பாறை மேல வச்சாச்சு, நல்ல வெயிலு. திடீர்னு பீசாங் கோரேங் (வாழைப்பழ பஜ்ஜி) விக்கற மலாய்க்காரப் பெரியவரு ஒருத்தரு மேல இருந்து "நாய்க்! நாய்க்!"னு கத்துறாரு. மலாய்ல மேல ஏறுங்கன்னு அர்த்தம், எங்களுக்குப் புரிஞ்சு பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஏறுறோம், மச்சான் மட்டும் "எங்க நாய்? எங்க நாய்?"னு தண்ணிக்குள்ளயே நின்னு சுத்திச் சுத்திப் பாக்கறாரு. கையைப் புடிச்சு இழுத்துப் போட்டு எண்ணி ஒரு நிமிசம் இருக்காது, தே தாரேக், நம்ம பால் டீ நெறத்துல தண்ணி கட்டையும் கெளையுமா எறங்கி ஐஸ் பெட்டி, கறிச்சட்டி, செருப்பு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. இன்னைக்கு நெனைச்சா சிரிப்பு வருது, அன்னைக்கு ராத்திரி யாரும் சாப்புடல.

அங்கயும் ஒரு போர்டு இருந்துச்சு. "பஹாயா", அதாவது ஆபத்துன்னு மலாய்ல ஒரே வார்த்தை, பாதி பெயிண்ட் உறிஞ்சு போயி. என்ன பஹாயா, எங்க பஹாயா, முதலையா, ஆழமா? ஒண்ணும் இல்ல. அதனால யாரும் மதிக்கறதும் இல்ல.

ஃபுளோரிடா ஊத்தை அப்படியே இங்க காப்பி அடிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். அது அடியில இருந்து நிதானமா வர்ற தண்ணி, நம்மளுது மலையில இருந்து எறங்கற தண்ணி, இங்க வெயில் அடிக்கும் மேல கொட்டும். நம்ம எமன் குகைக்குள்ள இல்ல, கெப்பாலா ஆயர்ல, மலை மேல மழை பேஞ்சு திடீர்னு பாஞ்சு வர்ற வெள்ளத்துல இருக்கான். அப்ப அதைத்தான போர்டுல எழுதணும்? தண்ணி கலங்குனா, எலையும் குச்சியும் கூட்டமா வந்தா, சத்தம் கூடுனா, மலை மேல கருத்திருந்தா உடனே கரைக்கு ஏறு, சாமானை எடுக்கத் திரும்பிப் போகாத. இந்த நாலு வரியை மலாய், தமிழ், சீனம், இங்கிலீஷ்னு சொங்காக், காபாய், கன்சிங்னு எல்லா எடத்துலயும் பெருசா எழுதுங்க. கூடவே லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு வைங்க, பத்து வெள்ளிக்கு விக்கற வாத்து மிதவையை நம்பி பிள்ளையை விடுற அம்மா அப்பாவை நானே பாத்திருக்கேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் ஐயா. பிள்ளை போனப்புறம் படத்தோட முதல் பக்கத்துல போடுறீங்க, லீவு விடறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அந்த நாலு வரியை அரைப் பக்கத்துக்குப் போடக்கூடாதா?

போர்டுக்குத் தமிழ்ல எழுத ஆளு கெடைக்கலன்னு யாராச்சும் சொன்னா என்கிட்ட அனுப்பி வைங்க. வொர்க்‌ஷாப்ல வருசக்கணக்கா போர்டு எழுதுன கை இது, பிரஷ்ஷும் நானே கொண்டு வர்றேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி,
செந்தூல், கோலாலம்பூர்.