திருந்தியவருக்கும் மைதானம் வேண்டும்

ஐயா,

அமெரிக்கக் கால்பந்தில் முதன்மைத் தொடரான என்எஃப்எல்லுக்கு மாற்றாக எக்ஸ்எஃப்எல் தொடரை மீண்டும் தொடங்குவதாக 2018 ஜனவரியில் அறிவித்த, டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் வின்ஸ் மெக்மான், குற்றப் பதிவு உள்ளவருக்கு அதில் இடமில்லை என்றார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கும் இல்லையாம். பெண்களை அடிப்பவர்களுக்குக் கைதட்ட எனக்கும் மனமில்லை. ஆனால் இளவயதில் செய்த ஒரு பிழைக்குத் தண்டனை அனுபவித்து முடித்தவனையும் வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம்?

ஆட்டக்காரர்கள் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்ற அவருடைய நிபந்தனை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. 2016இல் என்எஃப்எல் ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டது, கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையை எதிர்த்து. யாரையும் தொடாத, ஒரு சொல்லும் பேசாத எதிர்ப்பு அது. அதையும் குடிபோதைக் குற்றத்தையும் ஒரே விதிப் பட்டியலில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு வாசகர்