ஹட்டன் குளிரில் ஒரு புத்தளத்துப் பச்சோந்தி

பண்டாரவளை
ஜூலை

அன்பின் செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஹட்டனில் மூன்று வாரமாக வெயில் தலைகாட்டவில்லை, கொழுந்துக்குப் போகிறவர்கள் படங்கைக் கழற்றவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில், தம்பி வளர்க்கும் பச்சோந்தி பன்னிரண்டு நாளாக வெட்டுக்கிளியைத் திரும்பியும் பார்க்கவில்லை என்கிறாய். இரண்டும் ஒரே செய்திதான். அதற்குத் தீனி பிடிக்காமல் போகவில்லை. குளிர்கிறது.

மார்ச்சில் புத்தளத்திலிருந்து கொண்டுவந்தபோது உங்கள் பக்கம் நல்ல வெயில் காலம். ஜன்னலோரத்தில் காய்ந்தது, சாப்பிட்டது. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்ததும் தீனி குறைந்து, இப்போது அடியோடு நின்றுவிட்டது. இப்போது, ஜூலையில், இங்கே ஊவாப் பக்கம் மழை மறைந்து, தேயிலைக்கு மணம் ஏற்றும் காய்ந்த காற்று வீசுகிறது. ஹட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். ஹட்டன் ஏறக்குறைய 1270 மீட்டர். கடல் மட்டத்தில் பிறந்த உயிர், அதன் உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெளியிலிருந்து சூடு ஏறினால்தான் வயிற்றில் செரிமானம் நடக்கும். சூடில்லாத வயிற்றில் போன பூச்சி கரையாமல் அழுகும். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அதனால் வாயைப் பிளந்து ஊட்டும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடு. தாடை எலும்பு மெல்லியது, முறிந்துவிடும். குளிர்ந்த வயிற்றுக்குள் தீனியைத் தள்ளுவது அதைவிட மோசம்.

சூடு காட்டுவதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள். நம் மலையில் எந்த ஓணானையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். காலைப் பார். விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டி, கிளையை இடுக்கி போலக் கவ்வியிருக்க வேண்டும். கண் கூம்பு போலப் புடைத்து, ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றது பின்னே திரும்ப வேண்டும். அப்படியிருந்தால் அது புத்தளம், மன்னார் போன்ற வறண்ட பக்கத்துப் பச்சோந்திதான். விரல்கள் தனித்தனியாக விரிந்து, ஒரு சாணுக்குள் அடங்கி, வாலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் அது கொஃபோட்டிஸ். ஹோட்டன் சமவெளி போன்ற ஈரக்காடுகளில் வாழும், முட்டையிடாமல் குட்டி போடும் நம் மலையின் சொந்தப் பிள்ளை. அதற்குக் கீழே சொல்லும் பல்ப் சூட்டைக் காட்டினால் செத்துப்போகும். வாலோடு ஒரு அடிக்கு மேல் இருக்கிறது, கண் தனித்தனியாகச் சுழல்கிறது என்று நீ எழுதியிருப்பதால் பச்சோந்தி என்றே வைத்து எழுதுகிறேன். ஆனாலும் காலைப் பார்த்துவிடு.

இப்போது சூடு. கோழிக்குஞ்சுக்கு வைக்கிற 40 அல்லது 60 வொட் குண்டு பல்ப் போதும். எல்இடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பைக் கூண்டுக்கு வெளியே, மேல் வலைக்கு மேலே, வலையில் படாமல் தொங்கவிடு. உள்ளே வைத்தால் பச்சோந்தி அதை ஒட்டிப் போய் நிற்கும். முதுகு வெந்தாலும் நகரத் தெரியாது. முகட்டுத் தோல் கறுத்துப் பொருக்குத் தட்டிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். பல்புக்கும் அது உட்காரும் மேல் கிளைக்கும் ஒரு அடி இடைவெளியில் தொடங்கு. அந்தக் கிளையில் வெப்பமானி 31, 32 காட்ட வேண்டும். கூண்டின் நடுவில் 26க்கு மேல் இருக்கட்டும். அடியில் அதற்கும் குறைந்தால் நல்லது, சூடு போதுமென்றால் இறங்கிப்போக இடம் வேண்டுமே. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு விற்பதை வாங்கு.

காலை ஆறரைக்குப் போட்டு மாலை ஆறரைக்கு அணை. இரவில் இருட்டு வேண்டும், ஆனால் ஹட்டன் இரவு அதற்கு அதிகம். கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய் மூன்று பக்கமும் கம்பளி போர்த்து. 18க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கரண்ட் போனால் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே சாய்த்து வை. கரிச்சட்டி வேண்டாம், அடுப்படியும் வேண்டாம், அந்த அறையில் நுளம்புச் சுருளும் கொளுத்த வேண்டாம். புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது.

தம்பி வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியை மாற்ற வேண்டும். அதில் காற்று ஓடாது. தன் நிழலையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருக்கும். இரண்டடி அகலம், நான்கடி உயரத்தில் மரச்சட்டம் அடித்து நைலோன் நுளம்பு வலையைக் கட்டு. கம்பி வலையில் நகம் மாட்டிப் பிய்ந்துபோகும். உள்ளே விரல் மொத்தத்தில் கொய்யாக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மருந்து தெளிக்காத செவ்வரத்தைச் செடி ஒன்றைச் சட்டியோடு வை. கூண்டை மேசைமேல் ஏற்றி, அது உட்காரும் கிளை உன் கண்ணுக்கு மேலே வரும்படி பார். மேலேயிருந்து குனிந்து பார்க்கிற எதுவும் அதற்குக் கழுகுதான். ஒளிய இலை இல்லாத கூண்டில் பயத்தினாலேயே சாப்பிடாமல் கிடக்கும். பக்கத்துப் பிள்ளைகள் வந்து பார்ப்பதையும் ஒரு வாரத்துக்கு நிறுத்து.

அடுத்தது தண்ணீர். உனக்கு இது வியப்பாக இருக்கும். வீடு முழுக்க ஈரம், சுவரில் பூஞ்சணம், ஆனால் பச்சோந்தி தாகத்தில் காய்ந்துகொண்டிருக்கும். கோப்பையில் நிற்கும் தண்ணீரை அது தண்ணீராகவே பார்க்காது. இலையில் உருண்டு சொட்டுகிற துளியைத்தான் நக்கும். எச்சத்தில் கறுப்போடு சேர்ந்து வரும் வெள்ளைக் கட்டியைக் கவனி. வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும். மஞ்சளோ செம்மஞ்சளோ ஆனால் போதவில்லை. கண் குழிந்திருந்தால் இன்னும் மோசம். பாமசியில் சேலைன் குழாய் வாங்கி, சுத்தமான தண்ணீர்ப் போத்தலில் பொருத்தி, இரண்டு செக்கனுக்கு ஒரு துளி செவ்வரத்தை இலையில் விழும்படி திருகு. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. கை பொறுக்கும் வெதுவெதுப்பு இருக்கட்டும். சட்டிக்குக் கீழே வாளி வை. துளி நின்ற பிறகு இலைகள் காய்ந்துவிட வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்து நின்றால் நெஞ்சில் சளி கட்டும். மூக்கை வானத்துக்குத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, டிக் டிக்கென்று சத்தம் வந்தாலோ, வாயோரம் நுரை தெரிந்தாலோ அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

இந்தச் சூடும் தண்ணீரும் மூன்று நாள் ஒழுங்காகக் கிடைத்த பிறகுதான் தீனியைக் காட்ட வேண்டும். காட்டும்போது அது செய்வதை உற்றுப் பார், நோய் எது என்று அதிலேயே தெரியும். காலை பத்து மணிக்கு, உடம்பு சூடேறியிருக்கும் நேரத்தில், ஒரு வெட்டுக்கிளியை அதன் முகத்துக்கு ஒரு அடி முன்னால் கிளையில் நடக்க விடு. அசையாத தீனியை அது பார்க்காது.

இரண்டு கண்ணும் ஒன்றாகப் பூச்சியின் மேல் குவிந்து, தலை முன்னே நீண்டு, வாய் லேசாகத் திறந்து நாக்கு நுனி தெரிந்து, பிறகு மனம் மாறி மூடிக்கொண்டால் பசி இருக்கிறது என்று அர்த்தம். தீனிதான் சலித்திருக்கும். பூச்சியை மாற்று. கண் குவிந்து, நாக்குப் பாதி தூரம் போய்ச் சோர்ந்து விழுந்தாலோ, குறி தவறிக்கொண்டே இருந்தாலோ சுண்ணச்சத்துக் குறைவு, நீரிழப்பு, நாக்கில் காயம் இவற்றில் ஒன்று. கூடவே முன்னங்கால் வளைந்திருந்தால், கிளையில் பிடி தளர்ந்திருந்தால் சுண்ணச்சத்துதான். பிடித்து மென்றுவிட்டுத் துப்பினால் வாயைப் பார்: ஈறோரம் மஞ்சள் படிவு, உதட்டில் வீக்கம். எதையும் பார்க்காமல் பகலில் கண்ணை மூடியிருந்தால் தீனி சோதனையை நிறுத்து. பகலில் தூங்கும் பச்சோந்திக்கு உடம்பு மிகவும் முடியவில்லை.

சுண்ணச்சத்து ஏன் குறைகிறது என்று தம்பிக்குச் சொல். அவன் பிடித்துக்கொடுக்கிற பூச்சிகளில் பொசுபரசு அதிகம், கல்சியம் சொற்பம். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டைச் சுரண்டி, மெல்லிய துணியில் சலித்து, ஒரு போத்தலில் பூச்சியோடு போட்டுக் குலுக்கினால் மாப் பூசியதுபோல ஒட்டும். ஆனால் அந்தக் கல்சியம் எலும்பில் சேர வெயிலின் புறஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரில் தேவையான பங்கைத் தடுத்துவிடும். மார்ச் முழுக்க ஜன்னலோரம் காய்ந்ததில் அதற்குக் கிடைத்தது சூடு மட்டும். மழை விட்டு வெயில் அடித்தால் வலைக்கூண்டோடு வெளியே இருபது நிமிடம் வை, பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிடாதே, பத்து நிமிடத்தில் உலையாகிவிடும்.

பூச்சி எங்கே பிடிக்கிறான்? இதை நீ எழுதவில்லை. லீக்ஸ், கரட் தோட்டத்திலும், மருந்தடித்த தேயிலை மலையிலும் பிடித்த பூச்சி வேண்டாம். மருந்து பட்டும் சாகாத பூச்சி மெதுவாகத்தான் நகரும், கைக்கு எளிதில் அகப்படும். பிள்ளைகள் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். மருந்தடிக்காத மானாப்புல், குவாத்தமாலாப் புல் மேட்டில் வலை வீசிப் பிடிக்கட்டும். பச்சை வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, ஈ, விட்டில் எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பூச்சியின் நீளம் பச்சோந்தித் தலையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பிடித்தவற்றுக்கு ஒரு நாள் பூசணியும் கீரையும் போட்டு வயிறு நிரப்பிய பிறகு கொடுத்தால் சத்து. மின்மினியும் கம்பளிப்பூச்சியும் ஆகாது. தின்னாத சுவர்க்கோழியை இரவில் கூண்டில் விட்டுவைக்காதே, தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

பெட்டையா என்றும் பார்க்க வேண்டும். வயிறு பக்கவாட்டில் உப்பி, தொட்டால் கோலிக்குண்டு போலத் தட்டுப்பட்டு, கிளையை விட்டு இறங்கித் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தால் முட்டை. ஆண் இல்லாமலும் முட்டை கட்டும். ஒரு வாளியில் ஒரு அடி உயரத்துக்கு மணலும் மண்ணும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் வைத்து, துணியால் மறைத்து, தனியே விடு. பிறாண்டிவிட்டு முட்டையிடாமல் சோர்ந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். காட்டிலிருந்து பிடித்த உயிர் என்பதால் குடலில் புழுவும் இருக்கும். குளிரில் உடம்பு தளரும்போதுதான் புழு தலைதூக்கும். புழு மருந்தை நாய்க்குக் கொடுக்கும் அளவைப் பார்த்து நீயே கொடுத்துவிடாதே.

தினமும் காலையில், கேக் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில், அது பிடித்திருக்கும் குச்சியோடு வைத்து நிறு. குச்சியின் எடையைக் கழித்துக் குறித்துக்கொள். முதல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க நேரமில்லை. வளர்ந்த பச்சோந்தி தீனியில்லாமல் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். தண்ணீரில்லாமல் தாங்காது.

செல்வம், இவ்வளவும் எழுதியது அதை நீ வைத்துக்கொள்வதற்காக அல்ல. பல்பும் போத்தலும் சில நாளைக்கு உயிரைப் பிடித்து வைக்கும், ஹட்டனைப் புத்தளமாக்காது. ஜனவரியில் இதைவிடக் குளிரும். அது பாதுகாக்கப்பட்ட பிராணியும்கூட. 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வீட்டில் வளர்க்க முடியாது. தம்பிக்கு அது தெரிந்திருக்காது. வழியில் யாரோ கொடுத்ததை ஆசையில் வாங்கி வந்திருக்கிறான். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நீயே பேசி, உள்ளதை உள்ளபடி சொல். பேராதனை மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவா, அவர்கள் வந்து எடுப்பார்களா என்று கேள். கொண்டுபோகச் சொன்னால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு கிளையை அசையாமல் கட்டி அதில் ஏற்று. அன்றைய எச்சத்தைச் சிறு போத்தலில் போட்டுக் கூடவே கொடு, புழுவைப் பார்க்க உதவும்.

பாவம் பார்த்துத் தோட்டத்து வேலியில் விட்டுவிடாதே, இரண்டு இரவு தாங்காது. புத்தளம் பஸ்ஸில் கொண்டுபோய் நீயாக இறக்கிவிடுவதும் சரியல்ல. இங்கே ஒட்டிய நோயை அங்கே உள்ளவற்றுக்குக் கொடுத்துவிடும்.

தம்பியிடம் பிடுங்கிக்கொண்டு போக வேண்டாம். எடைக் கணக்கை அவனே எழுதட்டும், அந்தக் கொப்பியையும் பெட்டியோடு வைத்தியரிடம் அவனே நீட்டட்டும். நாலு மாதம் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தவன் அவன்தானே. எந்த நாள் முதல் சாப்பிடவில்லை, நிறம் எப்போது கறுத்தது என்று வைத்தியர் கேட்கப்போவது அவனிடம்தான்.

பல்பைப் போட்ட மூன்றாம் நாள் எடையையும் எச்சத்தின் நிறத்தையும் எனக்கு எழுது. காலின் படம் ஒன்றும் அனுப்பு.

அன்புடன்,
மணி