சாயம் வேறு, உணரி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், புழு கடித்த செடியின் படத்துக்குக் கீழே ‘ஒளிரும் சாயம் ஏற்றி எடுத்தது’ என்று போட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. வெங்காயத் தோலில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தைச் சொட்டு விட்டால் செல்சுவர் சிவப்பாகத் தெரியும், சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

நீங்கள் போட்ட படம் 2018-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதில் செடியே உணரியை, அதாவது உள்ளே நடப்பதை ஒளியாகக் காட்டும் புரதத்தை, தயாரித்தது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தையும், கால்சியம் ஒட்டினால் வடிவம் மாறும் கால்மோடுலின் என்ற புரதத்தையும் இணைத்த மரபணுவை, ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகு இனச் சிறுசெடியான அரபிடாப்சிஸுக்குள் வைத்திருந்தார்கள். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் பிரகாசம், இறங்கினால் மங்கல். புழு ஓர் இலையைக் கடித்ததும் ஓரிரு நிமிடங்களில் தூரத்து இலைகள்வரை வெளிச்சம் ஓடியது; கடிபட்ட செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது என்று பொருள். கால்சியம் காட்டும் சாயங்களும் உண்டுதான். வேதியியலாளர் ரோஜர் சியென் முதலில் செய்தவை அவையே. இந்தப் படம் அந்த வகை அல்ல.

என் அரை ஏக்கர் தேயிலையில், தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய கொழுந்தில் பழுப்புப் புள்ளி விழுந்த பிறகே எனக்கு விஷயம் தெரிகிறது. பக்கத்து இலைக்கு எப்போது தெரிந்ததோ! படக்குறிப்பை மட்டும் திருத்திவிடுங்கள். வகுப்பில் ஒட்டிவைக்க வெட்டி எடுக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோத்தகிரி